மூத்தவர் எழுந்தால்தான் இளையவருக்கு இடமா? ஓய்வு வயதும் வேலைவாய்ப்பும்

ஓய்வு வயதை ஓரிரு ஆண்டுகள் கூட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், எந்த நாடாக இருந்தாலும் இரண்டு குரல்கள் எழும். "உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, வீட்டுக் கடனும் முடியவில்லை, நல்லதாகப் போயிற்று" என்பது ஒரு குரல். "அவர் எழுந்தால்தானே நான் உட்கார முடியும்? எனக்கு எப்போது வேலை கிடைப்பது?" என்பது மற்றொன்று. இரண்டு பேருக்கும் அது வாழ்க்கைப் பிரச்சினை. அதனால் யாரையும் பேராசைக்காரர் என்றோ பொறுமையில்லாதவர் என்றோ ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இரண்டாவது குரலுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே வருவார் என்ற கணக்கு. சில இடங்களில் அது அப்படியே பலிக்கும், சில இடங்களில் பலிக்கவே பலிக்காது. எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஓய்வு வயது" என்ற ஒரே சொல்லை நாம் மூன்று பொருளில் பயன்படுத்துகிறோம். ஒன்று, கட்டாய ஓய்வு வயது: அந்தப் பிறந்தநாள் வந்ததும் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலையை விட்டுப் போக வேண்டும். இரண்டு, பென்ஷன் வயது: அன்று முதல் ஓய்வூதியம் கிடைக்கும், ஆனால் வேலையை விடச் சொல்லி யாரும் துரத்த மாட்டார்கள். மூன்று, மக்கள் உண்மையில் வேலையை நிறுத்தும் வயது. இது சட்டத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அமெரிக்காவில் 1986-லேயே பெரும்பாலான வேலைகளுக்குக் கட்டாய ஓய்வு வயதைச் சட்டம் நீக்கிவிட்டது. ஆனால் முழு அரசு ஓய்வூதியத்துக்கான வயதை 1983-ல் வந்த இன்னொரு சட்டம் 65-லிருந்து 67-க்குப் படிப்படியாக நகர்த்தியது. பிரிட்டன் 2011-ல் 65 வயது என்ற பொதுவான ஓய்வு வரம்பை எடுத்துவிட்டது, அங்கும் பென்ஷன் வயது தொடர்கிறது. எனவே "ஓய்வு வயது உயர்ந்தது" என்ற செய்தியைப் படித்ததும், எது உயர்ந்தது என்று கேட்க வேண்டும். கட்டாய வயது உயர்ந்தால் நாற்காலி காலியாவது தள்ளிப்போகிறது. பென்ஷன் வயது உயர்ந்தால் பணம் வருவது தள்ளிப்போகிறது. விளைவுகள் வேறு வேறு.

இந்த வயதுகள் இயற்கை விதித்தவை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி 1889-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்குரிய வயது 70. 1916-ல்தான் அது 65 ஆனது. எல்லாம் மனிதர்கள் பேசி முடிவு செய்த எண்கள்தான்.

வேலைகள் ஒரு பானையில் அளந்து வைத்தவை அல்ல

ஒரு நாட்டில் இத்தனை வேலைதான் உண்டு, அதை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைப்பது மிகப் பழைய எண்ணம். 1891-ல் டேவிட் ஷ்லாஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதற்கு ஒரு பெயரே வைத்தார். வேலையை ஒரே உருண்டையாகப் பார்க்கும் பிழை என்று அதைத் தமிழில் சொல்லலாம். தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு அவர் இதை எழுதினார். நாம் வேகமாக முடித்துவிட்டால் அடுத்தவனுக்கு வேலை இல்லாமல் போகும் என்பது அவர்கள் நினைப்பு.

இது ஏன் பிழை? ஓர் அறுபது வயதுக்காரர் வேலையில் தொடர்கிறார் என்று வையுங்கள். அவர் சம்பளம் வாங்குகிறார், செலவு செய்கிறார், வரி கட்டுகிறார். அவர் வாங்கும் பொருளைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் அதனால் வேலை இருக்கிறது. அவரே ஓய்வு பெற்றுவிட்டால், பெரும்பாலான நாடுகளில் அவருடைய பென்ஷன் இன்று வேலை செய்பவர்களின் பங்களிப்பிலிருந்தும் வரியிலிருந்தும்தான் வர வேண்டும். நிறைய பேர் சீக்கிரம் ஓய்வு பெற்றால் அந்தப் பங்களிப்பு ஏறும். அது ஏறினால் புதிதாக ஓர் ஆளை வேலைக்கு வைக்க முதலாளிக்கு ஆகும் செலவும் கூடும். இளைஞருக்கு இடம் வேண்டும் என்று மூத்தவரை அனுப்பிவைத்தால், அந்தச் செலவு இளைஞரின் சம்பளச் சீட்டிலேயே பிடித்தமாக வந்து நிற்கும்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி பெண்கள். அமெரிக்காவில் 1950-ல் வயதுவந்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேர்தான் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 2000-ல் அது 60. வேலை அளந்து வைத்ததாக இருந்தால், இத்தனை கோடிப் பெண்கள் உள்ளே வந்ததும் அத்தனை ஆண்களும் வெளியே போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1950-ல் அங்கே வேலையின்மை 5 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது, 2000-ல் 4 சதவீதம். ஆட்கள் கூடினார்கள், வேலைகளும் கூடின.

இன்னொன்று, மூத்தவரின் வேலையை இளையவர் அப்படியே எடுத்துச் செய்துவிட முடியாது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒரு மேற்பார்வையாளர் போனால், அந்த இடத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி நேராக வருவதில்லை. பல இடங்களில் இருவரும் ஒருவருக்கொருவர் துணை. மூத்தவர் சொல்லிக்கொடுக்கிறார், இளையவர் கற்றுக்கொள்கிறார், இருவரும் சேர்ந்தால்தான் வேலை ஓடுகிறது.

நாடுகள் செய்து பார்த்தவை

இதை நாடுகள் நிஜமாகவே செய்து பார்த்திருக்கின்றன. பிரிட்டன் 1977 முதல் 1988 வரை ஒரு திட்டம் வைத்திருந்தது. ஓய்வு வயதை நெருங்கியவர் முன்கூட்டியே வேலையை விட்டால் அரசு உதவித்தொகை தரும், ஆனால் முதலாளி அதற்குப் பதிலாக வேலையில்லாத ஒருவரை எடுக்க வேண்டும். 'ஒருவர் போனால் ஒருவர் வரவேண்டும்' என்பதைச் சட்டத்திலேயே எழுதிய திட்டம் அது. பிரான்ஸ் ஓய்வூதிய வயதை 65-லிருந்து 60-க்குக் குறைத்தது. 1982-ல் முடிவு எடுத்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இளைஞருக்கு வழிவிடுவதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அங்கே மூத்தவர்கள் வெளியேறினார்கள். இளைஞர்களின் வேலையின்மை மட்டும் குறையவில்லை.

ஜோனதன் க்ரூபர், டேவிட் வைஸ் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் தலைமையில் 12 நாடுகளின் பல பத்தாண்டுப் புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மூத்தவர்களை வெளியே அனுப்பிய நாடுகளில் இளைஞருக்கு வேலை கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மூத்தவர்களுக்கு வேலை அதிகம் இருந்த இடங்களில் இளைஞர்களுக்கும் அதிகம் இருந்தது என்பதே பொதுவாகத் தெரிந்தது. இதை அப்படியே விழுங்கவும் கூடாது. பொருளாதாரம் நன்றாக ஓடும்போது எல்லா வயதினருக்கும் வேலை கிடைக்கும், படுத்துவிட்டால் எல்லோருக்கும் போகும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கழித்துப் பார்க்கவும் அவர்கள் முயன்றார்கள். அப்படியும் மூத்தவர் இளையவரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்பது நாட்டு அளவில் நிரூபணமாகவில்லை.

சரி, அப்படியானால் அந்த இரண்டாவது குரல் பொய்யா? இல்லை. அதை இங்கேயே முடித்துக்கொண்டு, "பொருளியல் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்" என்று சொல்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. நாட்டு அளவில் சரியான கணக்கு, ஒரு நிறுவனத்தின் வாசலுக்குள் நுழைந்ததும் மாறிவிடும்.

நிறுவனத்துக்குள் கதை வேறு

இத்தாலி 2011 டிசம்பரில், கடன் நெருக்கடியின் நடுவே, பென்ஷன் வயதை ஒரே வீச்சில் உயர்த்தியது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்த பலர் இன்னும் சில ஆண்டுகள் நாற்காலியிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அப்படிச் 'சிக்கிக்கொண்ட' ஊழியர்கள் அதிகம் இருந்த நிறுவனங்களில் இளைஞர்களை எடுப்பது மற்ற நிறுவனங்களைவிடக் குறைந்தது என்று இத்தாலியப் பொருளியலாளர் டிட்டோ போயேரியும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். போர்ச்சுகல் 1994 முதல் பெண்களின் ஓய்வு வயதை 62-லிருந்து 65-க்குப் படிப்படியாகக் கூட்டியபோதும் இதே கதைதான். மூத்த பெண்கள் தொடர்ந்த நிறுவனங்கள் புதிய ஆட்களைக் குறைத்தன, அதிலும் இளம் பெண்களையே அதிகம் குறைத்தன.

ஆனால் இதே இத்தாலியச் சட்டத்தை எடுத்துக்கொண்ட வேறொரு ஆய்வு, மூத்தவர்கள் தொடர்ந்த நிறுவனங்களில் இளைஞர்களின் எண்ணிக்கையும் கூடவே ஏறியதாகச் சொல்கிறது! ஒரே சட்டம், ஒரே நாடு. ஆராய எடுத்துக்கொண்ட நிறுவனங்கள் எப்படிப்பட்டவை, எத்தனை ஆண்டுகளைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. வளர இடம் இருக்கிற நிறுவனம், கூடுதலாக ஓர் அனுபவசாலி இருப்பதை வைத்து வேலையை விரித்துக்கொள்ளும். நெருக்கடியில் இருக்கிற நிறுவனத்துக்குச் சம்பளத்துக்கென்று ஒதுக்கிய தொகை மாறாது. பழையவர் இருந்தால் புதியவருக்குப் பணம் இருக்காது.

நாற்காலி எண்ணிக்கை மாறாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் விமானிகள். அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்டுபவர்கள் 60 வயதில் நிறுத்திவிட வேண்டும் என்ற விதி 1960 முதல் இருந்தது. 2007 டிசம்பரில் ஒரு சட்டம் அதை 65 ஆக்கியது. விமானத்துக்கு ஒரு கேப்டன்தான். இத்தனை விமானம், இத்தனை கேப்டன் என்பது கணக்கு. எந்த விமானம் ஓட்டுவது, எந்தத் தடத்தில் போவது, எப்போது விடுப்பு, எவ்வளவு சம்பளம் எல்லாவற்றையும் சீனியாரிட்டி தீர்மானிக்கிறது. ஒரே இரவில் ஐந்தாண்டுக்கு வயது ஓய்வு ஏறக்குறைய நின்றுபோனது. இணை விமானி இருக்கையில் இருந்தவர் அங்கேயே இருந்தார். அவருக்குக் கீழே நுழையக் காத்திருந்தவர் வெளியே இருந்தார். அடுத்த ஆண்டே பொருளாதார மந்தமும் வந்து விமானங்களைக் குறைத்தார்கள். இளைய விமானிகள் பலரை நிறுவனங்கள் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பின. இன்னொரு பக்கம், சட்டம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு 60 முடிந்து வெளியேறியவருக்குப் பழைய சீனியாரிட்டி திரும்பக் கிடைக்கவில்லை. மறுபடி சேர வேண்டுமென்றால் புதியவராகப் பட்டியலின் அடியில்தான் சேர வேண்டும். ஒரு தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்களின் வாழ்க்கை எவ்வளவு மாறிவிட்டது!

இந்த உதாரணத்தில் கவனிக்க வேண்டியது, மூத்தவர் தொடர்ந்ததால் நேரடியாக அடிபட்டவர் வேலையில்லாத இளைஞர் மட்டுமல்ல. ஏற்கெனவே வேலையில் இருக்கும் நாற்பது வயதுக்காரரும்தான். பதவி உயர்வு ஏணி மாதிரி. மேல் படியில் இருப்பவர் நகராவிட்டால் அவருக்குக் கீழே உள்ள எல்லாப் படிகளும் நின்றுவிடும். இத்தாலிய நிறுவனங்களைப் பற்றிய மற்றொரு ஆய்வும் இதையே காட்டியது. மேலே இடம் குறைவாக உள்ள நிறுவனங்களில் மூத்தவர்களின் ஓய்வு தள்ளிப்போனதால் மற்ற ஊழியர்களின் சம்பள உயர்வும் பதவி உயர்வும் மெதுவாயின. இந்த நடு வயதுக்காரர்களைப் பற்றி விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. 'மூத்தவரா இளையவரா' என்ற கேள்வியே அவர்களை மறைத்துவிடுகிறது.

ஒரு சிறிய கணக்கு

பணியிட எண்ணிக்கையை முன்பே நிர்ணயித்து வைத்திருக்கும் ஒரு பெரிய துறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 30,000 பணியிடங்கள். எல்லோரும் ஒரே வயதில் சேர்ந்து 30 ஆண்டு வேலை செய்கிறார்கள். அப்படியென்றால் ஆண்டுக்கு 1,000 பேர் ஓய்வு பெறுவார்கள், 1,000 பேரைப் புதிதாக எடுப்பார்கள். இப்போது ஓய்வு வயதை இரண்டு ஆண்டு கூட்டுகிறோம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு யாரும் ஓய்வு பெற மாட்டார்கள். 2,000 காலியிடங்கள் காணாமல் போகும். அதற்குப் பிறகு வாய்க்கால் மறுபடி ஓடத் தொடங்கும், முன்பைவிடச் சற்று மெலிவாக. 30,000-ஐ 32 ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 940.

இந்தக் கணக்கில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. நீண்ட காலத்தில் இழப்பு சிறியது, ஆயிரம் 940 ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் கதவு அடைபட்டுவிடுகிறது. அந்தச் சமயத்தில் படிப்பை முடித்தவருக்கு, அதிலும் சேர்வதற்கு உச்ச வயது வரம்பு இருந்து அதை நெருங்கிக்கொண்டிருப்பவருக்கு, 'நீண்ட காலத்தில் சரியாகிவிடும்' என்பது எந்த ஆறுதலும் இல்லை. அவருக்கு இருந்ததே அந்த இரண்டு ஆண்டுகள்தான். பொருளியல் பேசுபவர்கள் சராசரியைச் சொல்கிறார்கள். வேலை தேடுபவர் தன்னுடைய ஆண்டைச் சொல்கிறார். இருவரும் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வயதை ஒரேயடியாகக் கூட்டாமல் ஆண்டுக்குச் சில மாதங்கள் என்று கூட்டினால் அந்தக் கதவு முழுவதும் அடைபடாது. சீனா 2025 ஜனவரி 1 முதல் ஆண்களின் ஓய்வு வயதை 60-லிருந்து 63-க்கு உயர்த்தத் தொடங்கியிருக்கிறது. இந்த மூன்று ஆண்டு உயர்வைப் பதினைந்து ஆண்டுகளில் பரப்பியிருக்கிறார்கள். இதே கணக்கில் போட்டுப் பார்த்தால், எந்த ஓர் ஆண்டிலும் காலியிடங்களில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும்.

மூத்தவருக்கு மட்டும் நல்லதா?

ஓய்வு வயது கூடினால் மூத்தவர்களுக்கெல்லாம் வேலை நிச்சயம் என்று நினைப்பதும் பிழைதான். நாற்காலியில் ஏற்கெனவே இருப்பவருக்கு அது லாபம். ஐம்பத்தைந்தில் வேலை போனவருக்கு?

ஆஸ்திரியா 2000-களின் தொடக்கத்திலிருந்து முன்கூட்டிய ஓய்வுக்கான வயதை ஆண்களுக்கு 60-லிருந்து 62-க்கும், பெண்களுக்கு 55-லிருந்து 58-க்குச் சற்று மேலும் படிப்படியாக உயர்த்தியது. விளைவை அளந்து பார்த்தவர்கள் கண்டது: அந்த வயதுக்குள் வந்த ஆண்களில் வேலையில் இருப்போரின் விகிதம் சுமார் 10 சதவீதப் புள்ளி கூடியது, பெண்களில் 11. ஆனால் வேலையில்லாதோர் பதிவும் கிட்டத்தட்ட அதே அளவு, சுமார் 12 புள்ளி, கூடியது. அதாவது பென்ஷனுக்குப் போயிருக்க வேண்டியவர்களில் பாதிப்பேர் வேலையில் தொடர்ந்தார்கள், பாதிப்பேர் வேலையும் இல்லாமல் பென்ஷனும் இல்லாமல் வேலையின்மை உதவித்தொகையில் நின்றார்கள். வேலையில் இருந்தவர் தொடர்ந்து இருந்தார், இல்லாதவருக்குப் புதிதாக வேலை முளைக்கவில்லை.

முதலாளி ஏன் ஐம்பத்தெட்டு வயதுக்காரரைப் புதிதாக எடுக்கத் தயங்குகிறார்? பயிற்சி கொடுத்த செலவு திரும்பி வர எத்தனை ஆண்டு இருக்கிறது என்று பார்க்கிறார். ஓய்வு வயது 60 என்றால் இரண்டு ஆண்டு. 65 என்றால் ஏழு. இந்த ஒரு விஷயத்தில் வயதைக் கூட்டுவது மூத்தவருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். ஓய்வு வரை எத்தனை ஆண்டு மீதம் என்பதைப் பொறுத்தே அதற்கு முந்திய வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பும் அமைகிறது என்பதைப் பிரான்ஸில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர் 'கிழவர்' ஆவது பிறந்த ஆண்டால் மட்டுமல்ல, முன்னால் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதாலும்தான்.

சம்பளமும் ஒரு காரணம். எட்வர்ட் லேசியர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1979-ல் ஒரு விளக்கம் சொன்னார். பல நிறுவனங்கள் இளமையில் உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகவும், முதுமையில் அதைவிட அதிகமாகவும் சம்பளம் தருகின்றன, அந்த ஏறுமுகம்தான் ஊழியரை நிறுவனத்தோடு கட்டி வைக்கிறது என்றார். அப்படியானால் அந்த அதிகச் சம்பளம் எங்காவது ஒரு தேதியில் நின்றாக வேண்டும். அந்தத் தேதிக்குப் பெயர்தான் கட்டாய ஓய்வு வயது. வயதை மட்டும் தள்ளிவைத்து, சம்பள முறையைத் தொடாமல் விட்டால், நிறுவனம் வேறு வழியில் ஆள் குறைக்கப் பார்க்கும்.

உடலுழைப்புக்காரர்களை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேசவே கூடாது. கற்சுமை தூக்குபவர், கூரை வேய்பவர், இரவு முழுதும் நின்று நோயாளிகளைப் புரட்டிவிடும் பராமரிப்பாளர் போன்றவர்கள் பெரும்பாலும் இளம் வயதிலேயே வேலைக்கு வந்தவர்கள். மேசை வேலைக்காரர் இருபத்தைந்தில் தொடங்கி அறுபதில் களைப்படைவதும், இவர்கள் பதினெட்டில் தொடங்கி அறுபதில் களைப்படைவதும் ஒன்றல்ல. ஒரே எண்ணை இருவர் மீதும் வைத்தால், இரண்டாமவருக்கு அது வேலைவாய்ப்பாக வந்து சேராது. முழங்கால் தேய்ந்த பிறகும் விட முடியாத வேலையாகத்தான் வந்து சேரும்.

ஜப்பான் இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்க்கப் பார்த்தது. அங்கே பெரும்பாலான நிறுவனங்களில் ஓய்வு வயது 60 ஆகவே நீடித்தது. ஆனால் 2006-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் 65 வரை வேலைக்கு ஏதாவது ஒரு வழி செய்து தரவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. 2021-ல் வந்த திருத்தம் 70 வரை முயலச் சொல்கிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் எடுத்த வழி, 60-ல் ஓய்வு கொடுத்துவிட்டு அவரையே ஒப்பந்தத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்வது. பதவி போய்விடும், சம்பளம் கணிசமாகக் குறையும், செய்யும் வேலை பல நேரம் அதேதான். நேற்று வரை பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் இன்று தான் பழக்கிவிட்டவரின் கீழே உட்கார்ந்திருப்பார். ஏணியின் மேல் படி காலியாகிவிட்டது, நாற்பது வயதுக்காரர் ஏறிவிட்டார். மூத்தவருக்கும் வருமானம் நிற்கவில்லை. அதே மேசையில் அதே வேலைக்குக் குறைந்த சம்பளம் வாங்குவது நியாயமா என்ற வழக்குகள் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.